ஸ்படைனாவில் ஒரு ‘அ’

1987 மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. காலை எட்டரைக்கு மில்லிக்கனில் கென்னடி வீதி பஸ்ஸுக்கு நின்றோம், நானும் மச்சாள் றோசலினும். றோசலின் என் கணவரின் தங்கை, ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவள். எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், அவ்வளவுதான். ஆனால் போகிற காரியம் என்னுடையது.

காலமான என் கணவர் சூசைப்பிள்ளையின் ஆண்டுத் திருப்பலி ஞாயிற்றுக்கிழமை. பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, அவர் பெயரும் மரியன்னையின் செபமும் தமிழில் அச்சிட்ட அட்டை வேண்டும். கையால் எழுதிப் போட்டோக்கொப்பி எடுத்தால் போதும் என்றார்கள். நான் மாட்டேன் என்று விட்டேன். என் மனிசனுக்கு அச்சுத்தான். ஈய எழுத்தில் தமிழ் அடிக்கிற ஒருவர் பட்டணத்து நடுவில் ஸ்படைனா வீதியில் இருக்கிறார் என்று சுவாமியார் சொல்லி, நான் எழுதிய தாளைப் போன கிழமையே அவரிடம் சேர்ப்பித்திருந்தார். இன்று நாங்கள் சரி பார்த்தால் பின்னேரமே அடித்துத் தருவாராம். பிழை இருந்தால்? நாளைக்குக் கடை பூட்டு.

ஒரு டோக்கனில் பஸ்ஸும் சப்வேயும் போகலாம். ஏறும்போதே சாரதியிடம் ட்ரான்ஸ்பர் துண்டு வாங்க வேண்டும், புதிதாய் வருகிறவர்கள் மறக்கக் கூடாது.

“அந்தாளுக்குத் தமிழில ஒரு சொல்லும் தெரியாதாம் மச்சாள்,” என்றாள் றோசலின் பஸ்ஸில். “பிறகு என்னைக் குறை சொல்லாதேங்கோ.”

“நீ வாயை வைக்காமல் வா.”

கென்னடி ஸ்டேசனில் சப்வேக்கு மாறி, ஸ்படைனாவில் இறங்கித் தெற்கே நடந்தோம். பனி சப்பாத்துக்குள் போய்விட்டது. தையல் கடை ஒன்றின் மேல்மாடியில் அச்சுக்கூடம். அச்சடிக்கிற மிஸ்டர் மார்ட்டினுக்கு அறுபது வயதிருக்கும், கையெல்லாம் மை. அமெரிக்காவின் ஆதிக்குடிகளான செரோக்கி இனத்தவர், ஒக்லகோமாவிலிருந்து வந்தவர். தன் பாஷையிலும் அச்சடிக்கிறாராம்.

சுவரில் கண்ணாடி போட்ட பழைய பத்திரிகைத் தாள் ஒன்று. றோசலின் கிட்டப்போய், “டி, டபிள்யூ, ஆர்…” என்று வாசித்தாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பார்வைக்குத்தான் ஆங்கில எழுத்தாம். டி மாதிரி இருப்பது ‘அ’. டபிள்யூ மாதிரி இருப்பது ‘லா’. ஆர் மாதிரி இருப்பது ‘எ’. றோசலின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் சொன்னதை அவள் தமிழாக்கிச் சொன்னாள். எந்த எழுத்துமே வாசிக்கத் தெரியாத ஒரு செரோக்கி மனிதர், வருடக்கணக்காய் இருந்து அந்த எழுத்துக்களை உண்டாக்கினாராம். எங்கள் க, கா, கி போல ஓசைக்கு ஓர் எழுத்து. சனங்கள் கெதியாய்ப் படித்துவிட்டார்கள். பொஸ்டனில் ஈயத்தில் வார்த்து எடுத்துப் போய், ஒரு பக்கம் செரோக்கி, மறுபக்கம் ஆங்கிலமாய்ப் பத்திரிகை அடித்தார்கள். பிறகு அரசாங்கத்து ஆட்கள் வந்து அச்சு யந்திரத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு சனங்களையே ஊரை விட்டுத் துரத்தினார்கள்.

எங்கள் பக்கத்திலும் அச்சுக்கூடங்களுக்கு நெருப்பு வைத்தார்கள்தானே.

தமிழ் எழுத்துப் பெட்டி, மூடிப்போன ஒரு மிசன் அச்சகத்தில் வாங்கியதாம். பொஸ்டனிலிருந்து வந்த மிசன்காரர் எங்கள் ஊர்ப் பக்கம் மானிப்பாயிலும் அச்சுக்கூடம் வைத்திருந்தவர்கள்தானே.

“புரட்டஸ்தாந்து எழுத்திலயோ எங்கட மாதாவுக்குச் செபம்?” என்றாள் றோசலின்.

“ஈயம் எந்தக் கோயிலுக்குப் போகுது? வாசி நீ.”

சரி பார்க்கவென்று அடித்துவைத்த ஈரம் காயாத தாளை அவள் தூக்கிப் பிடித்து உரத்து வாசித்தாள். “இருள் நிறைந்த மரியே…” அதோடு நிறுத்திவிட்டாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

அருள் என்று நான் எழுதிக் கொடுத்தது இருளாய் நிற்கிறது! கோயில் நிறைந்த சனம் முழங்காலில் நின்று மாதாவை இருள் நிறைந்தவள் என்று சொன்னால், சூசைப்பிள்ளையின் ஆத்துமம் எங்கே போய் முகத்தை வைக்கும்?

அவர் பெட்டியைத் திறந்து காட்டினார். ‘அ’ இருக்க வேண்டிய குழி வெறுமையாய் இருந்தது. கிட்டிய சாயலில் கிடந்ததை எடுத்துக் கோத்திருக்கிறார். அந்த முதல் பத்திரிகைக்கு எழுத்துக் கோத்த வெள்ளைக்காரருக்கும் செரோக்கி தெரியாதாம், உருவம் பார்த்துத்தான் கோத்தார்களாம்.

“எங்கட சனத்தை அவை என்னென்ன சொல்ல வைச்சினமோ எண்டு சிரிக்கிறார் மச்சாள்.”

“எனக்குச் சிரிப்பு வரேல்லை எண்டு சொல்லு.”

எல்லாக் குழியும் கிண்டினோம். ‘அ’ இல்லை. ‘ஆ’ மட்டும் ஒன்று மிச்சமாய்க் கிடந்தது. ஆனாவின் சுழியை எடுத்தால் அது ஆனா இல்லை, அனாதானே! றோசலின் சொல்ல, அவர் அந்த எழுத்தை இடுக்கியில் பிடித்துக் கத்தியை எடுத்தார். எங்கே வெட்ட? நான் வலப்பக்கத்தைக் காட்டினேன். கத்தி ஈயத்தில் பட்டதும் நான் கையை நீட்டி மறித்தேன்.

“பொறுங்கோ! றோசலின், நிப்பாட்டச் சொல்லு!”

ஈயத்தில் எழுத்து இடம் வலம் மாறி அல்லவா இருக்கும். றோசலின் கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துப் பிடித்தாள். கண்ணாடிக்குள் ‘ஆ’ நேராய் நின்றது, நான் காட்டியது அதன் தலைப்பக்கம். அதை வெட்டியிருந்தால் வேறு ஆனாவும் இல்லை. இந்த முறை கண்ணாடியைப் பார்த்து, ஊசி முனையால் சுழியைத் தொட்டுக் காட்டினேன். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு செதுக்கினார். நானும் செபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடித்த தாளில் ‘அருள்’ என்று வந்தது. அனாவின் கீழே எறும்பளவு ஒரு மைப்பொட்டு மட்டும் நின்றது. “அது நிக்கட்டும்,” என்றேன்.

பின்னேரம் அட்டைக் கட்டை வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். ஊரில் ஓர் எழுத்துக் குறைந்தால் அடுத்த அச்சுக்கூடத்தில் கடன் கேட்கலாம். இந்தப் பெரிய பட்டணத்தில் அந்த அச்சுக்கூடக்காரரும் நாங்களும் யாரிடம் கேட்பது? கட்டை றோசலினிடம் கொடுக்க மனம் வரவில்லை. சப்வேயில் இரண்டு மூன்று தரம் பிரித்து முதல் எழுத்தைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சுவாமியார் செபத்தைத் தொடங்க, எல்லோரும் அட்டையைக் கையில் எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. ‘அருள்’ என்கிற அந்த முதல் சொல்லுக்குச் சனங்களின் வாய் எப்படித் திறக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.