இயல்பு என்று எழுதப்பட்ட பாதங்கள்

அலுவலகத்தில் அவருக்கு ‘ஆதாரம்’ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையோடு சரி. மருத்துவமனைக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போடுவது பத்தொன்பது வருஷமாக அவர் வேலை. சர்க்கரை நோயாளிகளின் கோப்புகள் என்றால் அவர் மேஜைக்குத்தான் வரும். கண், சிறுநீரகம், நரம்பு என்று சர்க்கரை எங்கெல்லாம் போய்க் குடியேறுகிறதோ, அங்கெல்லாம் அதற்குக் கதவிலக்கம் ஒட்டுகிறவர் அவர்.

அந்தத் தொழிலில் சட்டம் ஒன்றுதான், மற்றதெல்லாம் அதன் வால். டாக்டர் எழுதியிருந்தால் நோய் உண்டு. எழுதாவிட்டால் கிடையாது.

“அண்ணா, இந்த ஆளுக்குச் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியலையாம். இருபது வருஷ சுகர். நரம்பு பாதிப்புன்னு போட்டுடவா?” என்று பக்கத்து சீட்டுப் பெண் கேட்பாள்.

“ஆதாரம் எங்கேம்மா?”

“கால் மரத்துப் போச்சுன்னு டாக்டரே எழுதியிருக்காரே!”

“மரத்துப் போச்சுன்னா மரத்துப் போச்சு, அவ்வளவுதான். அதுக்குத் தனி எண் இருக்கு. நரம்புன்னு சொல்ல நீ டாக்டரா? டாக்டருக்கே கேள்வி அனுப்பு.”

கேள்வி அனுப்புவதிலும் ஒரு சம்பிரதாயம் உண்டு. ‘இது நரம்பு பாதிப்புதானே?’ என்று டாக்டரின் வாயில் ஊட்டக் கூடாது. ‘மேற்கண்ட அறிகுறிகளுக்குக் காரணம் என்ன என்று தெரிவிக்கவும்’ என்று, பால் வடியும் முகத்தோடு கேட்க வேண்டும். அந்த முகம் ஆதாரத்துக்கு நன்றாக வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் சமையலறையில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னாலேயே வந்த மனைவி வாசலில் நின்றுவிட்டார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சாதாரணமாக எதற்கும் குரலை உயர்த்தாதவர்.

“என்னங்க! யாரு இது ரத்தத்துல நடந்திருக்கறது?”

வெள்ளைத் தரையில் ஆறு சிவப்புத் தடங்கள். எல்லாம் வலது கால். ஆதாரம் உண்மையாகவே அறையைச் சுற்றி வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். பிறகு தடங்கள் எங்கே வந்து முடிகின்றன என்று பார்த்தார். அவருடைய நாற்காலியில்.

முந்தின நாள் உடைந்த கண்ணாடி டம்ளரின் துண்டு குதிகாலில் இருந்தது. மனைவி அதைப் பிடுங்கினார். பிடுங்கியதும் அவருக்குத் தெரியவில்லை.

அவருக்கும் பதினோரு வருஷமாக சுகர். மற்றவர்களுக்குப் பயம் என்றால் இருட்டு, பாம்பு என்று ஏதாவது உருவம் இருக்கும். இவருடைய பயம் வரிசை எண்ணோடு வந்தது. நரம்புக்குப் பிறகு பாதப் புண். புண்ணுக்குப் பிறகு அழுகல். அப்புறம் ‘இல்லாமை’ என்று ஒரு தனிப் பிரிவு. பெருவிரல் இல்லாமை, பாதம் இல்லாமை, முழங்காலுக்குக் கீழே இல்லாமை. இடதுக்கு ஓர் எண், வலதுக்கு ஓர் எண். அந்த எண்களை அவர் புத்தகத்தைத் திறக்காமலே சொல்வார். அன்று அவை கேட்காமலே வந்து நின்றன.

மறுநாள் டாக்டரிடம் போனார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறவர்தான்.

“காலெல்லாம் எப்படி இருக்கு? எரிச்சல், மரமரப்பு?”

இங்கேதான் பத்தொன்பது வருஷ அனுபவம் கைகொடுத்தது. நாம் சொன்னால் இவர் எழுதுவார். எழுதினால் உண்டு.

“அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர்.”

வெளியே வாசலில் பத்து பேர் காத்திருந்தார்கள். டாக்டர் போன தடவைக் குறிப்பை அப்படியே இழுத்து இந்தத் தடவைக்குப் போட்டார். ‘பாதப் பரிசோதனை: இயல்பு.’ ஷூ காலிலேயே இருந்தது. இப்படி நகலெடுத்த வரிகளை ஆயிரக்கணக்கில் பிடித்துத் திருப்பி அனுப்பியவர் ஆதாரம். அன்று அந்த வரியைப் படித்தபோது அவருக்குக் கண் கலங்கியது. அவ்வளவு அழகாக இருந்தது.

வீட்டில் டாக்டர் தந்த தாளை நீட்டினார். “பாரு, இயல்புன்னு போட்டிருக்கு.”

“ஷூவைக் கழட்டச் சொன்னாரா?”

“இல்ல.”

“ஸ்டெப்பே போடாம விடை மட்டும் எழுதினா, எங்க கிளாஸ்ல சைபர்.”

“அவர் படிச்சவர்.”

“நீங்களும் படிச்சவர்தான். மிச்சத்தை என் வாயால சொல்ல வேண்டாம்.”

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பத்து நாள் நன்றாகத்தான் போனது. அதாவது, அவர் குனிந்து பார்க்கவில்லை. குளிக்கும்போது மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு காலைக் கழுவினார். பதினோராம் நாள் பக்கத்து சீட்டுப் பெண் மூக்கைச் சுளித்து, ஏசியில் ஏதோ எலி செத்திருக்கும் என்றாள். ஆதாரமும் கூடச் சேர்ந்து மேலே ஏசியைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை மேஜைக்கு அடியில் விட்டு வலது சாக்ஸைத் தொட்டார். ஈரம்.

மனைவிக்கு போன் செய்தார். “சாக்ஸ் ஈரமா இருக்கு,” என்றார்.

“கிளம்பி வாசலுக்கு வாங்க. வர்றேன்,” என்றார் மனைவி.

இந்தத் தடவையும் டாக்டர் ஷூவைக் கழற்றச் சொல்லவில்லை. மனைவியே மண்டியிட்டுக் கழற்றினார். டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக் குனிந்து பார்த்தார். அந்தப் பார்வைக்குக் குறியீட்டு எண் கிடையாது. புண்ணைச் சுத்தம் செய்து கட்டிய பிறகு, மேஜையிலிருந்து மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி ஒரு மெல்லிய இழையை எடுத்தார்.

“கண்ணை மூடிக்கோங்க. இதால அங்கங்க தொடுவேன். தெரியும்போதெல்லாம் ‘ம்’ சொல்லுங்க.”

ஆதாரம் கண்ணை மூடினார். எல்லாவற்றுக்கும் ‘ம்’ சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. எப்போது சொல்வது என்பது தெரியாமல் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். சுவர்க் கடிகாரம் ஓடியது. மனைவியின் மூச்சு கேட்டது. நேரமாகிக்கொண்டே போனது.

“ஆரம்பிக்கலாமே டாக்டர்.”

மனைவியின் கை வந்து அவர் தோளில் விழுந்தது. அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

“ரெண்டு காலும் முடிச்சிட்டேன்,” என்றார் டாக்டர்.

கண்ணைத் திறந்தார். டாக்டர் திரைப்பக்கம் திரும்பிப் பழைய குறிப்பை எடுத்துக்கொண்டிருந்தார். ஆதாரம் கையை நீட்டித் தடுத்தார்.

“அதை இழுத்துப் போடாதீங்க டாக்டர். புதுசா எழுதுங்க. போன தடவை நான் பொய் சொன்னேன்.”

“போன தடவை நானும்தான் பார்க்கல,” என்றார் டாக்டர், திரும்பாமலே. “இன்னைக்கே அட்மிட் ஆகுங்க. எலும்பு வரைக்கும் போயிருக்கான்னு படம் எடுத்தாத்தான் தெரியும்.”

“போயிருந்தா?” என்றார் ஆதாரம்.

டாக்டர் ‘பாதப் பரிசோதனை:’ என்று புதிதாகத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். மனைவி ஒற்றை ஷூவைக் கையில் பிடித்தபடி, ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் வருவதை ஆதாரத்தோடு சேர்ந்து படித்துக்கொண்டிருந்தார்.