பின்முற்றத்து மடு

அந்த வருடம் சண்டை பெருத்து, மன்னார்ப் பக்கம் போகிற பாதையைப் பூட்டிவிட்டார்கள். அங்கே காட்டுக்குள் மடுக் கோயிலில் நடக்கிற மாதாவின் ஆவணித் திருநாளுக்குப் பத்து நாள்கூட இல்லை. என் வீட்டுக்காரர் தலைநகரத்துத் துறைமுகத்தில் ஸ்டோர் கிளார்க். திருநாளுக்கென்றே வருடா வருடம் ஒரு கிழமை லீவு போடுவார். பாதை பூட்டு என்று கேள்விப்பட்டவுடன், லீவை ரத்துச் செய்துவிட்டு வேலைக்குப் போங்கள் என்றேன். பதிலுக்கு ஆள் போட்டாயிற்று, இனி மாற்ற ஏலாது என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கவலையும் இல்லை.

கவலை எனக்குத்தான். மகளுக்கு இரண்டு வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. பெரியாஸ்பத்திரி மர வாங்கில் உட்கார்ந்து நேர்ந்துகொண்டேன்: பிள்ளை பிழைத்தால், தொடர்ந்து ஐந்து திருநாளுக்கு மடுவுக்குக் கூட்டிக்கொண்டு வருவேன் மாதாவே என்று. செக்பொயின்ற்றுக்குச் செக்பொயின்ற் இறங்கி ஏறி நான்கு வருடம் போய் வந்தோம். இது ஐந்தாவது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். வேதத்தின் நுணுக்கம் எல்லாம் எனக்குத் தெரியாது. சொன்னால் செய்யவேண்டும், அதுதான் தெரியும். பங்குச் சுவாமியிடம் போய்க் கேட்டேன். முடியாததை மாதா கேட்கமாட்டா, வீட்டிலேயே செபியுங்கள், நேர்த்தி நிறைவேறிவிடும் என்றார். நல்ல மனிதர். ஆனால் அன்றைக்கு அந்த வாங்கில் என்னோடு இருந்தவர் அவரில்லை.

சுவாமி சொன்னதை என் வீட்டுக்காரர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"எப்பிடியும் லீவு. இந்த முறை எங்கட பின்முத்தத்திலதான் மடு" என்றார்.

மடு என்றால் எனக்கு மாதா. அவருக்கு மரத்தடிக் கூடாரம், மூன்று கல் அடுப்பு, ஊர்ப்பட்ட சிநேகிதர். முதல் நாள் காலையிலேயே எங்கிருந்தோ ஒரு தறப்பாளைக் கொண்டுவந்து, மதிலுக்கும் உடுப்புக் காயப்போடுகிற கொடிக்கம்பத்துக்கும் நடுவில் கூரையாகக் கட்டினார். மூன்று செங்கல்லை வைத்து, சமையல் இனி இதில்தான் என்றார். பத்தடி தூரத்தில் என்னுடைய குசினி சும்மா கிடக்க, நான் புகைக்குள் குனிந்து பருப்புக் காய்ச்சினேன். புகை மதிலுக்கு அப்பால் போய்ப் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவின் சேலைகளில் பட்டது. அவ எட்டிப் பார்த்து, குசினி உடைந்துவிட்டதா என்று கேட்டா. இல்லை, நாங்கள் யாத்திரை போயிருக்கிறோம் என்று சிங்களத்தில் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தக் கிழமை முழுக்க என்னைப் பரிதாபமாகவே பார்த்தா.

மடுவில் கிணற்றடியில் வரிசை நிற்போம் அல்லவா? அதற்காகத் தகப்பனும் மகளும் குளியலறை வாசலில் வாளியோடு வரிசை நின்றார்கள். உள்ளே ஒருவரும் இல்லை. மத்தியானமானால் துறைமுகத்துக் கூட்டாளிகள் இரண்டு பேர் வருவார்கள், தறப்பாளுக்குக் கீழ் காட்ஸ் விளையாட்டு நடக்கும், தேத்தண்ணீர் நான் கொடுக்கவேண்டும். பின்னேரம் செபமாலைக்குக் கூப்பிட்டால் வருவார், வராமல் இல்லை. ஆனால் பாயில் சாய்ந்துகொண்டுதான் சொல்லுவார். மூன்றாம் தேவரகசியத்தில் குறட்டை கேட்கும். மிச்சத்தை நானும் பிள்ளையும் சொல்லி முடிப்போம்.

இதெல்லாம் பொறுத்தேன். மூன்றாம் நாள் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

மடுவுக்குப் போகிற ஆட்கள் அங்கிருந்து ஒரு பிடி மண் கொண்டுவருவது வழக்கம். விஷக்கடிக்கு நல்லது என்பார்கள். எங்கள் வீட்டில் பிள்ளைக்கு உடம்பு சுட்டால் நான் முதலில் தேடுவது அந்த மண்ணைத்தான், மருந்து அதற்குப் பிறகு. நான் ஒரு பிடியோடு விடாமல் நான்கு வருடமும் பை பையாகக் கொண்டுவந்த மண் ஒரு பெரிய பிஸ்கட் ரின்னில், மாதா சுரூபத்துக்குப் பின்னால் இருந்தது. நான் சந்தைக்குப் போய் வருவதற்குள் அவர் அதைத் தறப்பாளுக்குக் கீழே கொட்டி, பலகையால் மட்டப்படுத்தி, பிள்ளையை அதன்மேல் நிறுத்தி வைத்திருந்தார்.

"இப்ப பிள்ளை நிக்கிறது மடு மண்ணில. அஞ்சாவது வருஷமும் சரியாப் போச்சு."

"ஆரைக் கேட்டுக் கொட்டினீங்க?"

"உன்ட கவலைக்குத்தான் செஞ்சனான்."

அதுதான் ஆத்திரத்திலும் ஆத்திரம். எனக்காக என்று நினைத்தேதான் செய்திருக்கிறார். பைத்தங்காயையும் கருவாட்டையும் அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் விடிய எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் செக்கிங். ஆமிக்காரர் ஆறு பேர் துவக்கோடு உள்ளே வந்தார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் சரி. பின்பக்கம் போனவர்கள் தறப்பாளைக் கண்டார்கள், அதன் கீழ் புதிதாகக் கொட்டி மட்டப்படுத்திய மண்ணைக் கண்டார்கள். எங்கள் முற்றத்து மண் கறுப்பு, இது பழுப்பு. இதற்குக் கீழே என்ன தாட்டிருக்கிறாய் என்று அவர்களில் பெரியவன் கேட்டான். என் வீட்டுக்காரர் பயத்தில், இது மடு மண் என்று சிங்களத்தில் உண்மையைச் சொன்னார். மடு அப்போது ஆமியோடு சண்டை பிடிக்கிற இயக்கத்தின் கையில் என்று ஊருக்கே தெரியும். அங்கிருந்து மண் ஏன் வந்தது, யார் கொண்டுவந்தது என்று கேள்வி பெருத்தது. கடைசியில், இது மருந்துக்கு வைத்த மண் என்று இவர் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு விழுங்கிக் காட்டினார். ஒருவனும் சிரிக்கவில்லை. எங்கள் மண்வெட்டியையே வாங்கி முழங்கால் ஆழத்துக்கு வெட்டினார்கள். ஒரு பழைய தண்ணீர்க் குழாயும் உடைந்த பீங்கானும் வந்தன. மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

பழுப்பும் கறுப்பும் ஒன்றாகக் கலந்துவிட்டன. இவர் அன்று முழுக்கக் குந்தியிருந்து, பழுப்பாகத் தெரிந்ததைப் பொறுக்கிப் பார்த்தார். ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. நான் ஒன்றும் கதைக்கவில்லை. கதைத்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

திருநாள் அன்று மூவரும் எங்கள் பங்குக் கோயிலில் பூசை கண்டோம். வந்து பாணும் சம்பலும் சாப்பிட உட்கார்ந்தபோது மகள் கேட்டாள்.

"அம்மா, இது அஞ்சாவதா?"

அவளுக்குப் பின்னால் இருந்து இவர், ஓம் என்று சொல்லு என்று தலையாட்டினார். சுவாமியும் அதைத்தான் சொல்லியிருந்தார். எனக்கு வாய் வரவில்லை.

"இல்ல மகள். இந்த வருஷம் சேராது. பாதை திறந்த உடன போவம்."

அவள் பாணைப் பிய்த்துச் சம்பலில் தொட்டாள்.

"அப்ப பாதை திறக்கும் வரைக்கும் எனக்கு வலிப்பு வராதா?"

எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கிற மனிதர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வராது" என்றேன்.

சொன்ன பிறகுதான் செய்தது விளங்கியது. மாதாவைக் கேட்காமல் மாதாவின் பேரில் வாக்குக் கொடுத்துவிட்டேன். கையைக்கூடக் கழுவாமல் எழும்பிப் போய்ச் சுரூபத்துக்கு முன்னால் நின்றேன். நேர்த்தி தவறியதை மன்னிக்கும்படி கேட்கவில்லை. பிள்ளையிடம் இப்படிச் சொல்லிவிட்டேன், என்னைப் பொய்க்காரி ஆக்கிப்போடாதேயும் என்றேன். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னேன்.