லக்ஷ்மிநாராயணன் வளர்த்த சொறியணம்

கல்யாணமான நாள் முதல் ஒரே பெண்ணின் கையால் சாப்பிட்டு வளர்ந்த மனிதர் அந்தப் பெண்ணுக்கே துரோகம் செய்வாரா? லக்ஷ்மிநாராயணன் செய்தார். அதுவும் தினந்தோறும், சாயங்காலம் அவள் கோயிலுக்குக் கிளம்பின நேரம் பார்த்து, சொந்த வீட்டுக் கொல்லையிலேயே செய்தார்.

பதற வேண்டாம். விஷயம் ஒரு செடியைப் பற்றியது.

கொச்சி மட்டாஞ்சேரியில் அதைச் சொறியணம் என்பார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் செந்தட்டி. கொடியாகப் படரும், பார்க்கச் சாதுவாக இருக்கும். இலையிலும் தண்டிலும் உள்ள பொடி ரோமம் தோலில் பட்டுவிட்டால் முதலில் நெருப்புச் சுட்டதுபோல் எரியும். அப்புறம் தடிக்கும். அப்புறம் அரிக்கும். அந்த அரிப்பில் மனிதன் தன் படிப்பு, பதவி, வயது எல்லாவற்றையும் மறந்து சொறிவான். லக்ஷ்மிநாராயணனின் மனைவி நீலாம்பாள் இந்தச் செடியை ஒழிக்கக் கடும் யுத்தம் நடத்திக்கொண்டிருந்தாள். அவரோ அதற்கு அரிசி கழுவின தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

எல்லாம் வீட்டால் வந்த வினை. ஒரே பிள்ளை சங்கர்ராம் காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தான். அங்கேயே பதினோராவது மாடியில் ஃப்ளாட். "மட்டாஞ்சேரி வீட்டைக் குடுத்துட்டு ரெண்டு பேரும் எங்களோட வந்து இருங்கோப்பா" என்றான். நீலாம்பாளின் முகம் விளக்கேற்றின மாதிரி ஆயிற்று. லக்ஷ்மிநாராயணன் "பார்க்கலாம்" என்றார். அந்த வீட்டில் அவர் சொல்லும் "பார்க்கலாம்" எப்போதுமே சம்மதம் என்றுதான் கணக்கு. ஆகவே வீடு விற்பனைக்கு என்று ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று.

ஆனால் அவர் மனம் உள்ளே ரத்தம் சொட்டிக்கொண்டிருந்ததை யார் கண்டார்கள்! நீலாம்பாளோடு ஒரு வாரம் அந்த ஃப்ளாட்டில் இருந்து பார்த்திருக்கிறார் அவர். கீழே இறங்கிச் சாயா குடித்துவிட்டுத் திரும்பினால், காலையில் சல்யூட் அடித்த அதே செக்யூரிட்டி, "எந்த ஃப்ளாட்? யாரைப் பார்க்கணும்?" என்று கேட்பான். லிஃப்டில் ஏறியவர்கள் எல்லாரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நாள் அவர் பொறுக்க முடியாமல், "மழை வரும்போல இருக்கே" என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். தெருவில் நாலு பேரோடு வம்பு பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

மட்டாஞ்சேரியில் அந்த வம்புக்குப் பஞ்சமே இல்லை. விடிந்ததும் நண்பர் வெங்கிட்டுவின் பப்படக் கடைக்குப் போய் உளுந்து மூட்டைமேல் உட்கார்ந்தால், நேரம் போவதே தெரியாது. வீட்டைக் காப்பாற்ற யோசனை சொன்னதும், அவரை நாணு என்று கூப்பிடும் அந்த வெங்கிட்டுதான்.

"எடா நாணு, விக்க இஷ்டமில்லைன்னு ஆத்துக்காரிகிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

"அவ எத்தனை சந்தோஷமா இருக்கா தெரியுமா? எந்த வாயால சொல்றது?"

"அப்போ வாங்க வரவனை விரட்டு."

"எப்படிடா விரட்டறது? நாய் வளக்கச் சொல்றியா?"

"நாய்க்குச் சோறு போடணும். உங்காத்துக் கொல்லையில சொறியணம் இருக்கோல்லியோ? அதுக்குத் தண்ணி போதும்."

வேலியோரம் ஏதோ நாலு செடிதான் அப்போது இருந்தது. அன்று சாயங்காலம் லக்ஷ்மிநாராயணன் சமையலறையிலிருந்து இடுக்கியை எடுத்தார். பாழடைந்த கிடங்கு ஒன்றின் பின்னாலிருந்து இளங்கன்றுகளை இடுக்கியால் பிடித்துக் கொண்டுவந்தார். கிணற்றுக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் நட்டார். முதல் மழையிலேயே அவை வேர்பிடித்துக்கொண்டன.

முதலில் வீடு பார்க்க வந்தவர் ரமேஷ்பாபு. ஹோட்டல்காரர், அரை டவுசர். "கிணத்துல தண்ணி எப்படி?" என்று கேட்டபடி விறுவிறுவென்று கொல்லைக்குப் போனார். போன வேகத்தைவிடத் திரும்பின வேகம் அதிகம். முற்றத்தில் ஒரு காலைத் தூக்கி மறுகாலில் தேய்த்துக்கொண்டு, பிறகு மறுகாலைத் தூக்கி இந்தக் காலில் தேய்த்துக்கொண்டு, அவர் ஆடின ஆட்டத்தை லக்ஷ்மிநாராயணன் ஜன்னல் வழியாகக் கண்ணீர் மல்கப் பார்த்தார். ஆனந்தக் கண்ணீர்! நீலாம்பாள் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடினாள். ரமேஷ்பாபு எண்ணெயை வாங்கிக்கொண்டார்; வீட்டை வாங்கவில்லை.

அன்றே நீலாம்பாள் சபதம் செய்தாள். "இந்தச் செடி இருக்கணும், இல்லைன்னா நான் இருக்கணும்!"

முதலில் அரிவாளால் அறுத்தாள். அறுத்த இடத்தில் ஒன்றுக்கு மூன்றாகத் துளிர்த்தது. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று உப்பைக் கரைத்து ஊற்றினாள். கறிவேப்பிலை பட்டுப்போயிற்று, சொறியணம் பளபளவென்று நின்றது. பிறகு, தேர்தலில் தோற்றுப்போன யாரோ ஒரு வேட்பாளரின் பெரிய ஃப்ளெக்ஸ் பேனரைக் கொண்டுவந்து, வெயில் படாமல் செடியைச் சாகடிக்கக் கொல்லையில் விரித்து, ஓரமெல்லாம் கல் வைத்தாள். கெட்ட யோசனை என்று சொல்ல முடியாது. லக்ஷ்மிநாராயணன் மட்டும் குடைக்கம்பியால் அங்கங்கே ஓட்டை போடாமல் இருந்திருந்தால் அது பலித்திருக்கும். ஒரு வாரத்தில் வேட்பாளரின் இரண்டு மூக்குத் துவாரம் வழியாகவும் கொடி எட்டிப் பார்த்தது.

"என்ன ஜன்மமோ இது! யாரோ வேணும்னே வளக்கற மாதிரின்னா இருக்கு" என்று நீலாம்பாள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"மண்ணோட குணமாக்கும்" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

"அந்த இடுக்கியைக் கண்டேளா? ரொம்ப நாளாக் காணோம்."

"எந்த இடுக்கி?" என்று கேட்டுவிட்டு அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெங்கிட்டு கடைக்கு நடந்தார்.

கர்க்கடக மாதம், அதாவது நம் ஆடி, பிறந்தது. அந்த மாதத்தில் கேரளத்தில் யாரும் வீடு பார்க்க வரமாட்டார்கள். மழை விடாமல் பெய்தது. சொறியணத்துக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. அடுத்து சிங்க மாதம், நம் ஆவணி, பிறந்தபோது கொல்லைப்புறம் முழுக்கப் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் இருந்தது. கிணறு எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கர்ராம் ஒரு பெண்மணியை அழைத்துக்கொண்டு வந்தான். டாக்டர் மாதுரி. கும்பளங்கியில் ஆயுர்வேத வைத்தியசாலை நடத்துகிறார். மட்டாஞ்சேரியிலும் ஒன்று தொடங்க வீடு தேடுகிறார். கோயம்புத்தூரில் படித்தவர், தமிழும் வரும்.

"கொல்லைப்புறம் மட்டும் கொஞ்சம் காடா இருக்கு" என்று நீலாம்பாள் கூசிக்கொண்டு சொன்னாள்.

"பரவாயில்லை அம்மா, பார்க்கறேன்."

"தாராளமாப் பாருங்கோ" என்றார் லக்ஷ்மிநாராயணன். ஊஞ்சலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு அலறலுக்காகக் காத்திருந்தார்.

அலறல் வந்தது. ஆனால் அது வேறு மாதிரியான அலறல்.

"ஐயோ, இது கொடித்தூவயல்லே!" சொறியணத்தின் வைத்தியப் பெயரைச் சொல்லி, மாதுரி இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றார். "அம்மா, இதோட வேர் கிடைக்காம கஷாயம் காய்ச்ச முடியாமத் தவிக்கறேன் நான். ஆளை அனுப்பிக் காடெல்லாம் தேடறேன். இங்க ஒரு தோட்டமே இருக்கே! யார் வளர்த்தது?"

"தானா வந்தது" என்றாள் நீலாம்பாள், ஒன்றும் புரியாமல்.

"அப்போ இந்த மண்ணுக்கே ஒரு விசேஷம் உண்டு. எனக்கு வேற வீடு பார்க்க வேண்டாம். நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்."

ஊஞ்சல் நின்றது.

தான் ஊட்டி வளர்த்த பிள்ளையே தன் கழுத்தில் கத்தி வைத்தால் ஒரு தகப்பனின் நெஞ்சு என்ன பாடுபடும்! லக்ஷ்மிநாராயணன் எழுந்தார். வேஷ்டியை மடித்துக் கட்டினார். யாரையும் பார்க்காமல் கொல்லைக்குள் இறங்கினார். வெறுங்கையால் முதல் கொடியைப் பிடித்து இழுத்தார்.

"அப்பா! என்ன பண்றேள்? கையில க்ளவுஸ் இல்லை!" என்று சங்கர்ராம் கத்தினான்.

அவர் காதில் விழவில்லை. இரண்டாவது, மூன்றாவது, ஒரு பிடி, இன்னொரு பிடி. கை எரிந்தது, முழங்கை எரிந்தது, மூக்கைத் துடைத்ததில் மூக்கும் எரிந்தது. கண்ணில் நீர் வழிய வழியப் பிடுங்கினார்.

"சாரே, விடுங்க, என் செடி!" என்று மாதுரி பதறினார்.

"செடி இருந்தாத்தானே வாங்குவேள்!" என்று அவர் கர்ஜித்தார்.

அந்த வாக்கியம் கொல்லைப்புறம் முழுக்க நின்றது. நீலாம்பாள் மெல்லப் படியிறங்கினாள்.

"ஏன்னா, இவா வாங்கினா நமக்கு நல்லதுதானே? நீங்க ஏன் செடியைப் பிடுங்கறேள்?"

அவர் கையிலிருந்த கொடியைக் கீழே போட்டார். அந்த இடத்தில், இலைகளுக்கு அடியில், துருப்பிடித்துக் கிடந்தது சமையலறை இடுக்கி.

சண்டையை நீலாம்பாள் உடனே தொடங்கவில்லை. முதலில் வைத்தியம். எண்ணெய் போடுவதற்குமுன் ரோமத்தை எடுத்துவிட வேண்டும், ஒட்டும் டேப் இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார் மாதுரி. சங்கர்ராம் பார்சல் கட்டும் அகலமான பழுப்பு டேப்பைக் கொண்டுவந்தான். லக்ஷ்மிநாராயணனின் கையில் அதை ஒட்டி ஒட்டிப் பிய்க்கும் பொறுப்பை நீலாம்பாள் ஏற்றுக்கொண்டாள். எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் அப்படியொரு விசாரணை நடந்திருக்காது.

"எப்போ ஆரம்பிச்சேள்?" சர்ரக்!

"ஆ! மழைக்கு முன்னாடி."

"ஃப்ளெக்ஸ்ல ஓட்டை போட்டது யாரு?" சர்ரக்!

"அம்மாடி! நான்தான்."

"யோசனை யாரோடது?" சர்ரக்!

"வெங்கிட்டு! வெங்கிட்டு!" என்று ஆப்த நண்பனைக் கணநேரத்தில் காட்டிக்கொடுத்தார் லக்ஷ்மிநாராயணன்.

நீலாம்பாள் டேப்பைக் கீழே வைத்தாள். "எனக்கு அங்க வரப் பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்?"

"நீ சந்தோஷமா இருந்தயே நீலா. அதான் வாய் வரலை."

"நான் ஏன் சந்தோஷமா இருந்தேன்னு கேட்டேளா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேட்கவில்லைதான்.

"விடிஞ்சா வெங்கிட்டு கடை. மத்தியானம் சாப்பாடு, தூக்கம். எழுந்தா மறுபடியும் வெங்கிட்டு. உங்களுக்குத் தெருவே சொந்தம். நான் மிக்ஸியோட பேசிண்டிருக்கேன். அது என்னைவிட உரக்கக் கத்தறது. ஃப்ளாட்டுல சாயங்காலமானா பொம்மனாட்டிகள் எட்டுப் பேர் சேர்ந்து பாடறா. என்னையும் பாடச் சொன்னா. நான் பாடி முடிக்கற வரைக்கும் ஒருத்தரும் எழுந்து போகலை, தெரியுமா?"

சங்கர்ராம் தலையைக் குனிந்துகொண்டான். மாதுரி எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தபடி இருந்தார். லக்ஷ்மிநாராயணனின் கண்ணிலிருந்து இறங்கியது இந்தத் தடவை சொறியணத்தின் வேலை இல்லை.

"அப்போ வித்துடலாம்" என்றார் அவர்.

"வேண்டாம்" என்றாள் நீலாம்பாள். "வெறுங்கையால சொறியணம் பிடுங்கற மனுஷனைக் கொண்டுபோய்ப் பதினோராவது மாடியில வெச்சா, அங்கேர்ந்து என்ன பண்ணுவேளோ! டாக்டரம்மா, மன்னிச்சுக்கோங்கோ, வீடு விக்கறதுக்கில்லை. செடியை மட்டும் ஒண்ணு விடாம வேரோட கொண்டு போங்கோ."

மாதுரிக்கு வருத்தம்தான். ஆனாலும் மறுநாளே ஆள் அனுப்பினார். அவர்கள் கையுறை போட்டுக்கொண்டு, மழையில் ஊறின மண்ணைக் கடப்பாரையால் நெம்பி, நுனி வேர்வரை அறுந்துபோகாமல் எடுத்தார்கள். காய் வெடித்து விதை சிதறுமுன் எடுத்ததால் பிழைத்தீர்கள், இனி ஒவ்வொரு மழைக்குப் பிறகும் புதுக்கன்று வந்திருக்கிறதா என்று பார்த்து, சிறிசாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, சாக்கு சாக்காக ஏற்றிக்கொண்டு போனார்கள். அரிவாளும் உப்பும் வேட்பாளரும் முடிக்காத காரியம் ஒரு காலையில் முடிந்தது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் நீலாம்பாள் அடுத்த தீர்ப்பைச் சொன்னாள். "உங்களுக்கு வீடு வேணும், இருங்கோ. எனக்குப் பாட்டு வேணும், நான் போறேன். திங்கள் போய் வெள்ளி வருவேன். ரசப்பொடி ரெண்டாவது டப்பால இருக்கு."

லக்ஷ்மிநாராயணன் பழக்கத்தில் "பார்க்கலாம்" என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் விழுங்கிவிட்டு, "எனக்கு ரசம் வெக்கத் தெரியாதே" என்றார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள்முன் மனம்விட்டுச் சொன்ன முதல் உண்மை அது.

அடுத்த திங்கட்கிழமை காலை அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தார். வெங்கிட்டு கடை வாசலிலிருந்து கூப்பிட்டதற்குக்கூட நிற்கவில்லை. பஸ் வந்தது. நீலாம்பாள் ஏறி உட்கார்ந்து பைக்காகக் கையை நீட்டினாள். பையோடு அவரும் ஏறினார்.

"நீங்க எங்க வரேள்?"

"வைட்டிலா வரைக்கும் வரேன். அங்க போட் மாறணுமே, இந்தப் பையோட நீ எப்படி ஏறுவே?"

வைட்டிலாவில், காயல் வழியே காக்கநாடு போகும் மெட்ரோ போட் தயாராக நின்றது. அவர் பையோடு அதிலும் ஏறி, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நீலாம்பாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

"என்ன பாட்டு பாடுவேள் அங்க எல்லாரும்?" என்று அவர் கேட்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்றுகூடப் பார்க்காமல், மெல்லிய குரலில் பாட ஆரம்பித்தாள். படகு நகர்ந்தது. லக்ஷ்மிநாராயணன், இன்னும் தழும்பு மறையாத கையால் மடியில் தாளம் போட்டபடி, அவள் பாடி முடிக்கும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.