முந்தக் கூடாத ஓட்டம்

ஓட்டப்பந்தயம் பார்க்க வருகிறவர்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். பந்தயத்தை முடிப்பது நெஞ்சு. தலை முந்தினாலும் கணக்கில்லை, கை நீண்டாலும் கணக்கில்லை. யாருடைய நெஞ்சு கோட்டை முதலில் தொடுகிறதோ அவர்தான் ஜெயித்தவர். சித்தூர் மாவட்டத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற இந்த முனிரத்தினம், பாதி ஆயுளை முடிவுக்கோட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு நெஞ்சு பார்த்தே கழித்தவன். என் வாய்க்குப் பயந்தே எங்கள் தீர்ப்பை யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

ஸ்வர்ணலதாவை நான் முதலில் பார்த்ததும் அந்தக் கோட்டில்தான். பிச்சாட்டூர்ப் பக்கம் வேர்க்கடலை போடும் செங்கல்வராயனின் மகள். பள்ளிகளுக்கான மாவட்டப் போட்டியில் வெறுங்காலோடு நூறு மீட்டர் ஓடினாள். கடைசிப் பத்து மீட்டர் வரை மூன்றாவதாக வந்துகொண்டிருந்தவள், கோடு நெருங்கியதும் என்ன நினைத்தாளோ, உடம்பையே முன்னால் தூக்கி எறிந்துவிட்டாள். நெஞ்சு கோட்டைத் தாண்டியது, மோவாய் தரையில் மோதிக் கிழிந்தது. ரத்தம் ஒழுக எழுந்து உட்கார்ந்து, "சார், யாரு ஃபர்ஸ்ட்டு?" என்றாள்.

"நீதாம்மா. முதல்ல மூஞ்சியத் தொடச்சுக்க."

அதன் பிறகு அவளுக்கு ஷூ வந்தது, பயிற்சியாளர் வந்தார், மாநிலப் பதக்கங்கள் வந்தன. தேசிய முகாம் வரைக்கும் போனாள். ஓட்டத்தில் அவளைவிட வேகமான பெண்கள் இருந்தார்கள், மறைக்கவேண்டியதில்லை. ஆனால் கோட்டில் அவளை மிஞ்ச ஆளில்லை. விரல்கடை வித்தியாசத்தில் அவள் தட்டிப் பறித்த பந்தயங்களைக் கண்ணெதிரே பார்த்து, தீர்ப்புச் சொல்லவேண்டியவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறேன். பிறகு தொடையின் பின்தசை கிழிந்தது. ஆறியது, மறுபடி கிழிந்தது. ஒருநாள் தானாகவே பையை மடித்து வைத்துவிட்டு, திருப்பதியில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாகச் சேர்ந்தாள். காலையில் கல்லூரி மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி. அவளிடம் ஓடிய பிள்ளைகளில் நாலைந்து பேர் இன்று போலீசிலும் ரயில்வேயிலும் இருக்கிறார்கள்.

அந்த மைதானத்துக்குத்தான் ஹர்ஷினி வந்தாள். கங்காதர நெல்லூர்ப் பெண், திருப்பதியில் விடுதியில் தங்கி பி.ஏ. படிக்கிறாள். குழந்தையில் வந்த காய்ச்சலில் இரண்டு கண்ணும் போய்விட்டன. ஒரு தோழியின் தோளைப் பிடித்தபடி வந்து, "எனக்கு ஓடணும் மேடம். நடந்து நடந்து சலிச்சுப்போச்சு" என்றாளாம். ஸ்வர்ணலதா அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தடத்தில் ஒரு சுற்று நடக்கவைத்தாள். இரண்டாவது சுற்றில் பாதியிலேயே அந்தப் பெண் அவளை இழுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரே மாதத்தில் மேடம் அக்காவானாள்.

பார்வையற்றவர்களின் ஓட்டம் தனியாக நடப்பதில்லை. கூடவே ஒரு துணை ஓட்டக்காரர் ஓடவேண்டும். இருவர் கையையும் ஒரு குட்டைக் கயிறு இணைத்திருக்கும். கொஞ்சம் பார்வை மிச்சமிருப்பவருக்கும் சமமாக இருக்கட்டும் என்று ஓடுகிற எல்லோருக்கும் கண்ணைக் கட்டிவிடுவார்கள். துணையாள் கயிற்றை விடக் கூடாது, பிடித்து இழுக்கவும் கூடாது. முக்கியமான விதி இன்னொன்று: கோட்டில் ஓடுகிறவரின் நெஞ்சுதான் முதலில் வரவேண்டும். துணையாளின் நெஞ்சு முந்தினால் இரண்டு பேரும் அவுட். அதனால் வேகமான ஒரு பையனைத் துணைக்கு வைத்து, கடைசியில் அவனைக் கொஞ்சம் பின்வாங்கச் சொல்வதுதான் வழக்கம்.

ஸ்வர்ணலதா சுனில் என்ற கல்லூரிப் பையனைத்தான் ஏற்பாடு செய்திருந்தாள். ஹர்ஷினியின் அம்மா வசந்தா ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து நின்றுவிட்டாள். "வயசுப் பொண்ணு மேடம். ஆம்பளப் பையன் கையோட கைய சேத்துக் கட்டிக்கினு ஊரே பாக்க ஓடுனா, நாளைக்கு நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"அப்ப நான் ஓடறேன்," என்றாள் ஸ்வர்ணலதா. நாற்பது வயதைத் தாண்டியவள், இரண்டு முறை கிழிந்த தொடையோடு. கேள்விப்பட்டதும் எனக்குத் தலை சுற்றியது.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாநிலப் போட்டி. ஜெயித்தால் ஹர்ஷினி தேசியப் போட்டிக்குப் போவாள். கோட்டில் நான் இருந்தேன். இருவரும் காலோடு கால் சேர்ந்து வந்த அழகை என்னவென்று சொல்வேன்! மற்ற ஜோடிகள் வெகுதூரம் பின்னால். கோட்டுக்கு இரண்டடி இருக்கும்போது ஸ்வர்ணலதாவின் நெஞ்சு, அவள் பள்ளிக்கூட நாளிலிருந்து பழகிய அதே நெஞ்சு, முன்னால் பாய்ந்தது. ஹர்ஷினியை முந்திவிட்டது. நான் எழுந்து விதியைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது.

ஸ்வர்ணலதா வாதாடவில்லை. "ஆமா சார், நான்தான் முந்திட்டேன்" என்றாள். ஹர்ஷினி கண்கட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத் தடத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க எனக்காக ஓடுனீங்களா, உங்களுக்காக ஓடுனீங்களாக்கா?"

வசந்தா மகளின் துணிமணியை மூட்டை கட்டிவிட்டாள். ஸ்வர்ணலதா கெஞ்சிக் கூத்தாடியதில் இன்னும் ஒரே ஒரு வருஷம் கிடைத்தது. அதிலும் தோற்றால் ஓட்டம் போதும், வீட்டோடு இருக்கட்டும் என்று வசந்தா கறாராகச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் ஸ்வர்ணலதா என் வீட்டு வாசலில் நின்றாள். "சார், தெனம் காலைல கோட்டுல வந்து நில்லுங்க. நெஞ்சு சாஞ்சா கத்துங்க."

எனக்குக் காலையில் எழுவது பிடிக்காது. ஆனாலும் போனேன். அவள் தனியாக ஓடி வருவாள், கோட்டில் நெஞ்சு சாயும், "நெஞ்சு!" என்று கத்துவேன். மறுபடி ஓடுவாள், மறுபடி சாயும். கிழவன் ஒருவன் விடியற்காலையில் நெஞ்சு நெஞ்சு என்று அலறுவதைப் பார்த்து, நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் எனக்கு மாரடைப்பு என்று நினைத்து தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். மெதுவாக ஓடும்போது நிமிர்ந்தே தாண்டுவாள். முழு வேகம் எடுத்தால் போச்சு. எத்தனை வாரம் கத்தினேனோ, என் குரல் கட்டியதுதான் மிச்சம்.

ஒருநாள் மூச்சு வாங்க என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என் நெஞ்சு கேக்காது சார். இத்தினி வருசம் அதுக்கு வேற எதுவும் நான் கத்துக் குடுக்கல. வேற வழி ஒண்ணுதான் இருக்குது."

"இன்னா வழி?"

"நான் எப்படிப் பாஞ்சாலும் எட்ட முடியாத வேகம் அவளுக்கு வரணும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பைத்தியமா உனக்கு? தொணையாள்தான் வேகமா இருக்கணும். அவ உன்ன மிஞ்சிட்டா நீ அவளுக்குக் கல்லு மாதிரி தொங்கிக்கினு இருப்ப!"

"தொங்க மாட்டேன் சார். கூடவே வருவேன்," என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அந்த வருஷம் நான் பார்த்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. ஹர்ஷினியின் ஓட்டத்தைப் பாதம் வைப்பதிலிருந்து கழற்றி மறுபடி கட்டினாள். தன் தொடையில் அந்தப் பெண்ணின் கையை வைத்து, எந்தத் தசை எப்போது இறுகுகிறது என்று தொட்டுப் பார்க்கச் சொன்னாள். திருச்சானூர்ப் பக்கம் மேடான மண்பாதையில் இருவரும் கயிற்றோடு ஏறுவார்கள். ஹர்ஷினியை வேகமாக்கினால் அவளுக்கு ஈடுகொடுக்கத் தானும் வேகமாகவேண்டும். ஈடுகொடுத்தால் அவளை இன்னும் வேகமாக்க வேண்டும். தனக்கு எதிராகத் தானே பயிற்சி கொடுத்த ஒருத்தியை நான் வேறெங்கும் கண்டதில்லை. தொடையில் ஐஸ் கட்டிக்கொண்டு நொண்டியபடி ஸ்கூட்டி ஏறிப் பள்ளிக்குப் போவாள்.

அடுத்த மாநிலப் போட்டி திருப்பதியிலேயே நடந்தது. வசந்தா கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துப்பாக்கி வெடித்தது. பாதித் தூரம் வரை இரண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி வந்தார்கள். அதற்கப்புறம் ஹர்ஷினி ஒரு சாண் முன்னால் போனாள். ஸ்வர்ணலதாவின் முகம் கோணிப்போயிற்று, அவள் கை கயிற்றோடு நீண்டது, ஆனால் கயிறு விறைக்கவில்லை. அது விறைக்காதபடி அவள் உயிரைக் கொடுத்து ஓடினாள். கோடு வந்தது. நான் பயந்தபடியே அவள் நெஞ்சு முழு பலத்தோடு முன்னால் பாய்ந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றிருந்தது, என் வேலை அதற்கு விடாது.

அவள் அப்படிப் பாய்ந்தும் ஹர்ஷினியின் நெஞ்சு முன்னால் இருந்தது. பிடரி மயிர் நிற்க எழுந்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

ஸ்வர்ணலதா புல்லில் கிடந்து மூச்சு வாங்கினாள். பிறகு வேலிக்கு வந்து வசந்தாவிடம், "இனிமே என்னால முடியாதும்மா. இவ என்னத் தாண்டிப் போயிட்டா. நேஷனலுக்கு இவகூட ஓட சுனில்தான் வேணும்" என்றாள்.

வசந்தா பக்கத்தில் நின்ற சுனிலை மேலும் கீழும் பார்த்தாள். "இவனா? இவன் எம்பொண்ணு வேகத்துக்கு வந்துருவானா மேடம்?"

பையன் முகம் செத்துப்போயிற்று. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஸ்வர்ணலதா மட்டும் ஹர்ஷினியின் விரல்களிலிருந்து கயிற்றை அவிழ்க்கப் போனாள். ஹர்ஷினி கையை இறுக்க மூடிக்கொண்டாள்.

"அக்கா, கோட்டுல நீங்க பாஞ்சீங்களா?"

"பாஞ்சேன்டி. இருக்கற பலத்தையெல்லாம் போட்டு."

"அப்புறம்?"

"தோத்துட்டேன்," என்றாள் ஸ்வர்ணலதா. அந்தக் கோட்டில் அவள் எத்தனையோ முறை ஜெயித்துப் பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட அவள் முகம் இப்படி மலர்ந்ததில்லை.