ஓட்டுப்பெட்டி மேல் ஒரு கொம்பு வண்டு

நாட்டின் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. புதுக்கோட்டை டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். சமஸ்தானம் போய், எங்களைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. அன்னவாசலைத் தாண்டி உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்தில் பெண்களுக்கென்று தனி ஓட்டுச்சாவடி போட்டார்கள். வருகிறவர்களின் விரலில் மை வைக்கப் பெண் ஒருத்தி வேண்டும் என்று என் பெயரைப் போட்டுவிட்டார்கள்.

உத்தரவு வந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாளிகையில் இருப்பவருக்கும் ஒரே ஓட்டு, மாடு மேய்ப்பவருக்கும் ஒரே ஓட்டு என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். அதை நடத்தி வைக்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. இருந்த புடவைகளில் நல்லதாக ஒன்றை எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் கிராமம் என்று நினைத்ததும் போகத்தான் வேண்டுமா என்று இருந்தது. காரணம் தேர்தல் இல்லை. பூச்சி.

சின்ன வயதில் ஒரு மத்தியானம் என் காதுக்குள் ஒரு பூச்சி புகுந்துவிட்டது. அம்மா உப்புத் தண்ணீர் ஊற்றி அதை வெளியே கொண்டுவரும்வரை மண்டைக்குள் யாரோ பறை அடிப்பதுபோல் இருந்தது. அன்றைக்குப் பிடித்த பயம் போகவே இல்லை. கரப்பான், வண்டு, கம்பளிப்பூச்சி, எதுவானாலும் சரி, பார்த்த மாத்திரத்தில் உடம்பு விறைத்துவிடும். உதறாமல் புடவை கட்ட மாட்டேன். விளக்குக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட மாட்டேன். வகுப்புக்குள் வண்டு பறந்து வந்தால், இன்றைக்குப் பாடம் மரத்தடியில் என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன். எனக்குக் காற்றோட்டத்தில் அவ்வளவு பிரியம் என்று தலைமை ஆசிரியை நினைத்துக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. இவ்வளவு பெரிய பெண், டீச்சர் வேறு, பூச்சிக்குப் பயப்படுகிறாள் என்று தெரிந்தால் மானம் போய்விடும் என்று எனக்கு.

முதல் நாள் சாயங்காலம் லாரியில் போய் இறங்கினோம். சாவடி ஒரு கீற்றுக் கொட்டகைப் பள்ளிக்கூடம். பக்கத்திலேயே எருக்குழி. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. நல்லவேளை, ராத்தங்கலுக்கு ஒரு விவசாயி வீட்டில் சுத்தமான அறை கொடுத்தார்கள்.

விடிந்து வந்து பார்த்தால் பொழுது கிளம்புவதற்கு முன்னாலேயே பெண்கள் கூட்டம். தலை நிறையப் பூ, முகத்தில் மஞ்சள், இடுப்பில் பிள்ளை. கோயில் திருவிழா தோற்றுவிடும். இப்போதுபோல் ஒரே சீட்டில் எல்லாச் சின்னங்களும் அப்போது இல்லை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னத்தை அச்சடித்த காகிதம் ஒட்டியிருக்கும். படுதாவுக்குப் பின்னால் பெட்டிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். ஓட்டுப் போடுகிறவர் தனியாக உள்ளே போய், தனக்குப் பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். அவர் உள்ளே இருக்கும்போது வேறு யாரும் போகக் கூடாது.

காலையிலிருந்தே ஒரே கலகலப்பு. புருஷன் பெயரைச் சொல்ல முடியாமல் ஒரு பெண் வானத்தைக் காட்டினார். சூரியனா, சந்திரனா என்று சாவடி ஆபீசர் திணறினார். பின்னால் நின்றவர் பெயரை எடுத்துக் கொடுத்த பிறகுதான் வேலை நடந்தது. இன்னொருத்தி பெட்டிக்குப் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்ததாக அவளே பெருமையாகச் சொன்னாள். நான் மை வைத்த விரலை ஒவ்வொருத்தரும் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனார்கள். எனக்குப் பூச்சி ஞாபகமே வரவில்லை.

உச்சி வெயில் நேரத்தில் ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நெடுநெடுவென்ற உயரம், கண்டாங்கிச் சேலை, கணீரென்ற குரல். தன் குடியிருப்பிலிருந்த பெண்களையெல்லாம் நடத்தியே கூட்டி வந்திருந்தார். வரிசையை ஒழுங்கு பண்ணியதும் அவர்தான். வெளியே ஓர் ஆள் பெண்களிடம் வந்து எந்தப் பெட்டியில் போட வேண்டும் என்று காதில் ஓதப் பார்த்தபோது, எங்களுக்குத் தெரியும், நீங்க அங்கிட்டுப் போங்க என்று அவர் விரட்டியது உள்ளே வரை கேட்டது. எனக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. மை வைத்தேன். சீட்டை வாங்கிக்கொண்டு படுதாவுக்குப் பின்னால் போனார்.

போனவர் வரவில்லை.

கொஞ்ச நேரம் பொறுத்தோம். ஆபீசர் தொண்டையைக் கனைத்தார். பிறகு, ஓட்டுப் போட்டாச்சாம்மா என்று இரண்டு தடவை குரல் கொடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு கட்சி ஏஜெண்டுகளும் எழுந்துவிட்டார்கள். சீட்டைப் பெட்டியில் போடாமல் மடியில் ஒளித்து எடுத்துப் போகப் பார்க்கிறாள் என்றார் ஒருவர். இவரும் பூஜை பண்ணுகிறாரோ என்னவோ என்றார் மற்றவர். வார்த்தை தடித்தது. வெளியே வரிசையில் சலசலப்பு. வெயிலில் பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டன. ஆபீசருக்கு வியர்த்து வழிந்தது. படுதா ஓரமாக நின்று, உள்ளே பார்க்காமல், என்னவென்று கேட்கும்படி என்னிடம் சொன்னார்.

நான் போய், என்ன ஆச்சு அக்கா என்று கேட்டேன். அந்தக் கணீர்க் குரலா இது என்று சந்தேகம் வரும்படி ஒரு முனகல் கேட்டது.

"மெதுவாப் பேசுங்க டீச்சரம்மா. பெட்டி மேல கொம்பு வண்டு ஒக்காந்திருக்கு. எனக்கு அதுன்னா ஆகாது. காலு நகரவே மாட்டேங்குது."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. உலகத்தில் எனக்கு மட்டும்தான் இந்த வியாதி என்று அதுவரை நினைத்திருந்தேன். வேறு பெட்டி பக்கமாக ஒதுங்கி வந்துவிடலாமே என்றேன்.

"வேற பெட்டியில போட்டுட்டு வந்திருக்கலாம். மனசு ஒப்பலை. வெளிய சொல்லிப்புடாதீங்க. பொம்பளைக்கு எதுக்கு ஓட்டுன்னு கேட்ட ஆம்பளைங்கதான் எங்க ஊருல இருக்காங்க. வண்டுக்குப் பயந்து நின்னேன்னு தெரிஞ்சா காலம்பூரா சிரிப்பாங்க."

சிரிப்பும் வந்தது, வண்டை நினைத்துப் பயமும் வந்தது. திரும்பி வந்து ஆபீசரிடம், பெட்டி மேல் ஓர் இடைஞ்சல் இருக்கிறது, எடுத்துவிட்டால் அவர் போட்டுவிடுவார் என்று மட்டும் சொன்னேன். எந்தப் பெட்டி என்று இரண்டு ஏஜெண்டும் ஒரே குரலில் கேட்டார்கள். தெரியாது, நான் பார்க்கவில்லை என்றேன். போலீஸ்காரர் தடியை எடுத்துக்கொண்டு வந்தார். போலீஸ் பெட்டி கிட்டே போகக் கூடாது என்று ஒரு ஏஜெண்டு மறித்தார். ஆபீசர் போகலாமா என்றால், ஆம்பளை போனால் ரகசியம் போச்சு என்றார் மற்றவர். அந்த அம்மாளை வெளியே வரச் சொல்லலாம் என்றால், சீட்டோடு வெளியே வந்தால் ஓட்டு செல்லாது என்று சண்டை. கடைசியில் எல்லாரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சாவடி ஆட்களில் பெண் நான் ஒருத்திதான்.

பயமா இருக்காம்மா என்று ஆபீசர் கேட்டார். இல்லை சார் என்று என் வாய் சொல்லிவிட்டது.

படுதாவை ஒதுக்கி உள்ளே போனேன். அரை இருட்டு. அந்தப் பெண் கீற்றுத் தட்டியோடு தட்டியாக ஒட்டிக்கொண்டு நின்றார். சீட்டை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். பெட்டி மேல் அது உட்கார்ந்திருந்தது. கட்டைவிரல் பருமன். எண்ணெய் தடவினதுபோல் பளபளவென்று கறுப்பு. தலையில் பின்னால் வளைந்த ஒற்றைக் கொம்பு. எருக்குழியிலிருந்து ராத்திரி விளக்கு வெளிச்சத்துக்கு வந்து, கீற்றில் ஒளிந்திருந்து, கீழே விழுந்திருக்க வேண்டும். சீட்டுப் போடும் துவாரத்துக்கு நேர் மேலே, தன் வீடுபோல் உட்கார்ந்துவிட்டது.

தூர நின்று ஊதிப் பார்த்தேன். அசையவில்லை. பென்சிலால் தள்ளினேன். கிர்ர் என்று ஒரு சத்தம் போட்டது பாருங்கள், நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தட்டியில் போய் மோதினோம். படபடவென்று கொட்டகையே ஆடியது. வெளியே, என்னம்மா, என்னம்மா என்று ஆபீசர் பதறினார். ஒன்றுமில்லை சார் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது.

புடவைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்து இழுக்கலாம் என்று குனிந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அதன் கால்களெல்லாம் முள் முள்ளாக, சின்னம் ஒட்டிய காகிதத்தை மாட்டிப் பிடித்திருந்தன. ராத்திரி ஒட்டிய பசை சரியாகப் பிடிக்கவில்லை. இழுத்தால் காகிதம் கிழிந்து கையோடு வந்துவிடும். சின்னம் கிழிந்த பெட்டி என்றால் வெளியே நிற்கிற அந்த இரண்டு பேரும் தேர்தலையே நிறுத்திவிடுவார்கள். காலையிலிருந்து வெயிலில் நின்ற பெண்கள் போட்ட ஓட்டெல்லாம் என்ன ஆவது? தலைப்பைச் சுற்றிக்கொண்டால் காலைத் தனித்தனியாக எடுக்க முடியாது. வெறும் விரலால்தான் எடுத்தாக வேண்டும்.

"அக்கா, எனக்கும் இதுன்னா உயிர் போயிடும். என் கையைப் பிடிச்சுக்குங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தட்டியை விட்டு நகர்ந்து வந்து என் இடது கையைப் பிடித்தார். எலும்பு நொறுங்கிவிடும் என்பதுபோல் ஒரு பிடி. கண்ணை இறுக மூடிக்கொண்டு, நீங்க எடுங்க, நான் இருக்கேன் என்றார்.

வலது கையால் அதன் முதுகைத் தொட்டேன். கூழாங்கல் மாதிரி கெட்டியாக, வழவழவென்று இருந்தது. அதற்கு உயிர் இருக்கிறது என்பதை மறக்கப் பார்த்தேன், முடியவில்லை. முன்னங்காலை நகத்தால் நெம்பினேன். விட்டது. அடுத்தது. விட்ட கால் சும்மா இருக்கவில்லை, என் விரலைச் சுற்றிக்கொண்டது. கத்தல் தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். பின்னங்கால் ஒன்று மட்டும் காகிதத்தின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, குழந்தை கையிலிருந்து ஊசியை வாங்குவதுபோல் மெதுவாக அதைக் கழற்றினேன். காகிதம் திரும்பப் படிந்தது. கிழியவில்லை. வண்டு முழுசாக என் உள்ளங்கையில் இருந்தது. கையை மூடினேன். உள்ளே அது முண்டியது. சின்ன வயதில் காதுக்குள் கேட்ட அதே சத்தம் இப்போது என் கைக்குள்.

"போடுங்க அக்கா" என்று சொல்லிவிட்டுச் தட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னால் சீட்டு பெட்டிக்குள் விழும் சத்தம் மெதுவாகக் கேட்டது.

இரண்டு பேரும் சேர்ந்து வெளியே வந்தோம். என்ன அது, என்ன அது என்று ஏஜெண்டுகள் சூழ்ந்தார்கள். நான் நிற்கவில்லை. நின்றால் கையை உதறிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். வரிசையைத் தாண்டி விறுவிறுவென்று எருக்குழி வரை நடந்து கையை விரித்தேன். அது போகவில்லை. விரலைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. வெயில் பட்டதும் மெள்ள ஊர்ந்து என் நடுவிரல் நுனிக்கு ஏறியது. முதுகு இரண்டாகப் பிளந்து, உள்ளே மடித்து வைத்திருந்த மெல்லிய இறக்கை வெளியே வந்தது. அடுத்த விநாடி பெரிய இரைச்சலோடு கிளம்பி வரிசையின் தலைக்கு மேலாகப் பறந்தது. பெண்கள் வீல் என்று கத்திக் குனிந்து, பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. உடம்பெல்லாம் அப்படி ஓர் உற்சாகம். மலை ஏறி இறங்கினவள் மாதிரி இருந்தது.

அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றார். வெளியே நின்ற ஓர் ஆள், ஒரு ஓட்டுப் போட இவ்வளவு நேரமா என்று கேலியாகக் கேட்டார். கணீர்க் குரல் திரும்பி வந்துவிட்டது.

"அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவைதானே. நிதானமாத்தான் போடுவோம்."

எனக்கு மட்டும் கேட்கும்படி, வாரேன் டீச்சரம்மா என்று சொல்லி, மை வைத்த விரலால் என் கையை ஒரு முறை தொட்டுவிட்டுத் தன் கூட்டத்தோடு கிளம்பினார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்த்ததே இல்லை. அவர் எந்தப் பெட்டியில் போட்டார் என்பது எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்குக்கூட நான் சொன்னதில்லை. இனிமேலும் சொல்ல மாட்டேன்.

திரும்பிப் போய் மை வைக்க உட்கார்ந்தபோது ஆபீசர் தண்ணீர் கொடுத்தார். உண்மையைச் சொல்கிறேன் சார், எனக்குப் பூச்சி என்றால் ரொம்பப் பயம் என்றேன். அதை வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் சிரிக்கவில்லை. தனக்கு ஆழமான கிணற்றை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும் என்றார்.

என் பயம் அன்றோடு போய்விட்டது என்று எழுதினால் பொய். இன்றைக்கும் சமையலறையில் ஒரு கரப்பான் ஓடினால் நான் கூடத்தில் இருப்பேன். ஆனால் ஏதோ ஒன்றுக்குப் பயந்து நகர முடியாமல் நிற்கிறவர்களைப் பார்த்தால், பயப்படாதே என்று நான் சொல்வதில்லை. பக்கத்தில் போய், எனக்கும் பயம்தான் என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.