காதர் பாய் வரியில் நின்ற பிரிண்டர்

டேட்டாபேஸ் பராமரிப்பவன் வேலையில் பாதி, நகராத திரைக்கு முன்னால் உட்கார்ந்து அது நகர்கிறது என்று பிறரை நம்பவைப்பது. இதே பாவத்தைச் செய்து பிழைக்கும் நண்பர்களே, உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்களில், சத்துவாச்சாரியிலிருந்து பஸ் பிடித்து ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். இது அங்கே நடந்தது.

நின்ற இடம்

அங்கே ஒவ்வொரு தோலுக்கும் ஓர் எண் உண்டு. ஏற்றுமதிப் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே அதைத் தரம் பிரித்தவரின் பெயரும் வரவேண்டும். பட்டியல் அச்சாகாமல் லாரி துறைமுகத்துக்குக் கிளம்பாது. அதை எடுத்துக் கொடுப்பது எஸ்தரின் வேலை. அந்த மாதம் இரண்டு முறை லாரி தாமதமாகியிருந்தது. மூன்றாவது முறையும் தாமதமானால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் என்னைக் கூப்பிட்டார்கள். ஆலைக்கு வார விடுமுறை; லாரி வேலை பார்ப்பவர்கள் மட்டும் வந்திருந்தார்கள். தோல் பதனிட ஓயாமல் சுற்றும் டிரம்கள் நின்றுபோயிருந்ததால் பிரிண்டர் சத்தம் மட்டும் கேட்டது. அது கடகடவென்று நாற்பது வரி அடிக்கும், பிறகு நின்று, மூச்சு வாங்கி, ஒரு வரி அடிக்கும், மறுபடி நிற்கும். நின்று வந்த வரிகளை எல்லாம் பென்சிலால் குறித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே பெயர்: காதர் பாய். தோலை வெளிச்சத்தில் விரித்து, உள்ளங்கையால் முழுக்கத் தடவிப் பார்த்த பிறகே சாக்பீஸ் குறி போடும் மனிதர். போன மாதம் இறந்துபோனவர்.

எஸ்தர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அவர் கைக்கு வந்தாத்தான் சார் நிக்குது. ஒவ்வொண்ணா தடவிப் பாத்துட்டுத்தான் விடறார்."

மூன்று முறை

எனக்கு முன்னால் இருந்தவர், பெயரைக் கண்டுபிடிக்க டேட்டாபேஸுக்குள்ளேயே ஒரு ஃபங்ஷன் எழுதி வைத்திருந்தார். ஆள் எண்ணைக் கொடுத்தால் பெயரைத் தரும் சின்ன நிரல். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பட்டியலில் எத்தனை வரியோ அத்தனை முறையும் அது தனியாகப் புறப்பட்டுப் போய்த் தேடும். ஒவ்வொரு தோலுக்கும் ஒருவர் கேட் வரைக்கும் நடந்துபோய், அதே வாட்ச்மேனிடம் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு வருவதுபோல.

வேலையில் இருப்பவர்களின் பதிவேடு சின்னது. பெயர் உடனே கிடைத்துவிடும். காதர் பாய் பெயரை அடக்கம் முடிந்த வாரமே அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். அங்கே கிடைக்காவிட்டால் ஃபங்ஷன் பழைய வருகைப் பதிவுக்குள் இறங்கும். ஆலை தொடங்கிய நாளிலிருந்து யார் யார் எந்தெந்த நாள் வந்தார்கள் என்கிற லட்சக்கணக்கான வரிகள். எந்தப் பெயர் எங்கே என்று காட்டும் அட்டவணை கிடையாது. முதல் வரியிலிருந்து தேடவேண்டும்.

எத்தனை முறை அழைக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். தோலுக்கு மூன்று. பெயர் இருக்கிறதா என்று பார்க்க ஒன்று, நீளம் அளக்க ஒன்று, அச்சடிக்க ஒன்று. இதைக் கேட்டதும் குடோன் பொறுப்பாளர் தயாளன் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்: "கோர்ட்லகூட ஆள் வரலேன்னா மூணு தடவையோட விட்டுடுவாங்க சார். நீங்க தோலுக்குத் தோல் கூப்பிட்டா மனுசன் எப்படிப் போவாரு?"

என் சாமர்த்தியம்

ஃபங்ஷனைத் தூக்கிவிட்டுத் தோல் பட்டியலையும் ஆள் பதிவேட்டையும் நேரடியாக இணைத்தேன். முழுப் பட்டியலும் தயாளனின் டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது. எஸ்தர் அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார். நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தயாளன் பட்டியலோடு லாரியில் ஏறி, எண்ணிவிட்டுத் திரும்பி வந்தார். லாரியில் இருந்த தோல்களில் முந்நூறு, பட்டியலில் இல்லை. அத்தனையும் காதர் பாய் குறி போட்டவை. அதற்குள் மேனேஜர் வந்து எஸ்தரைப் பிடித்துக்கொண்டார்: "இன்னாமா, ஒண்ணு லேட்டு, இல்லேன்னா பாதிய முழுங்கிடற. நாளையிலேர்ந்து வராத."

தவறு என்னுடையது. அவசரத்தில் உயிரோடு இருப்பவர்களின் பதிவேட்டோடு மட்டும் இணைத்திருந்தேன். அப்படி இணைத்தால், பெயர் கிடைக்காத வரி ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் வெளியேறிவிடும். பாடம் எடுக்கும்போது இதை நானே நூறு முறை சொல்லியிருக்கிறேன். மேனேஜரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தயாளன் மட்டும் லாரிப் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "பேரை எடுத்தீங்க. போறப்ப அவர் தோலையும் எடுத்துக்கினு போய்ட்டார்."

கடைசி ஓட்டம்

பழைய பதிவிலிருந்து ஆளுக்கு ஒரு வரி மட்டும் எடுத்து, இரண்டு பதிவேட்டையும் ஒன்றாக்கினேன். பெயர் கிடைக்காவிட்டாலும் தோல் பட்டியலில் இருக்கும்படி இணைப்பையும் மாற்றினேன். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எஸ்தர் பொத்தானை அழுத்தினார். கடகடவென்று வந்தது. காதர் பாயின் முதல் வரி வந்ததும் பிரிண்டர் நின்றது.

காகிதம் சிக்கவில்லை, ரிப்பன் சரியாக இருந்தது, டேட்டாபேஸ் தன் வேலையை எப்போதோ முடித்துவிட்டிருந்தது. இவற்றையெல்லாம் பிறகு ஒரு வாரம் சோதித்தும் காரணம் கிடைக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அது நின்றது ஒரு தோலைத் தடவிப் பார்க்கும் நேரம் இருக்கும். மறுபடி ஓடத் தொடங்கி, முந்நூறும் நிற்காமல் வந்து முடிந்தன. லாரி நேரத்துக்குக் கிளம்பியது. மேனேஜர் எஸ்தரின் மேசையில் திங்கட்கிழமைப் பட்டியலுக்கான தாளை வைத்துவிட்டுப் போனார்.

எஸ்தர் தாளை எடுத்து மடித்து வைத்துக்கொண்டார். "பாத்துட்டார் சார்," என்றார். "இனிமே போகும்."

இன்றும் எந்த நிரலாவது மெதுவாக ஓடினால், அது எத்தனை முறை அழைக்கிறது என்பதை முதலில் எண்ணுகிறேன். யாரை அழைக்கிறது என்பதை, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் பார்க்கிறேன்.