செத்தவர் பேரில் வந்த புடவை

காலை பத்தேகால் மணி, ஒரு புடவை, வடிவேலு என்ற ஒரு பெயர். ஆரணியிலிருந்து நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த எனக்கு இந்த மூன்றும் போதும். 'ஏன்' என்பதை அலுவலகத்தில் போட்டுக்கொள்வார்கள். செய்தி எழுதிப் பிழைத்தவர்கள் உங்களில் இருந்தால், விட்டுப்போன அந்த 'ஏன்' பிறகு நம் வீட்டைத் தேடி வரும் என்பது தெரிந்திருக்கும்.

சீட்டு

1998. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த என் மாடி அறைக்குக் கஸ்தூரி என்ற பெண் வந்தார். மூன்று வாரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் சென்னையில் எடுத்த கூறைப்புடவையை மேசைமேல் பிரித்தார். உள்மடிப்பில் எங்கள் ஊர் நெசவாளர் சங்கத்தின் சீட்டு: கைத்தறிப் பட்டு, நெய்தவர் வடிவேலு, தறி எண் 46. முத்திரையில் போன மாதத் தேதி. வடிவேலு கஸ்தூரியின் அப்பா. இறந்து நான்கு வருடம் ஆகிறது.

வேறு வடிவேலுவாக இருக்கும் என்றேன். "அந்த நம்பர் தறி எங்க வீட்டுதுங்க. அவர் செத்த வருஷமே வித்துட்டோம்" என்றார். செத்தவர் பேர் போட்ட புடவையோடு மணையில் உட்காருவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரிய வேண்டும். படியிறங்கும்போது நின்று சொன்னார்: "போன மாசம் எங்கப்பா யார் வீட்ல உக்காந்து நெய்ஞ்சிகினு இருந்தாருன்னு மட்டும் கேட்டு சொல்லுங்க சார்."

பதினொரு வீடுகள்

சங்கத்தின் பட்டியலில் அப்படிச் செத்தும் நீக்கப்படாத பதினொரு பேர் இருந்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் விசைத்தறியில் ஓடிய புடவைகளுக்கு அவர்கள் பெயரில் கைத்தறிச் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டச் சொன்னவர் சங்கத் தலைவர் தேவராஜ். அவரும் நெசவாளர்தான். எந்த உறுப்பினர் செத்தாலும் முதல் மாலை அவருடையதாக இருக்கும்.

பெயர்களைச் சரிபார்க்க வீடு வீடாகப் போனேன். ஒரு வாசலில் நின்று "ஏழுமலை இருக்காரா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன். உள்ளேயிருந்து "இருக்காரு, வாங்க" என்று பதில் வந்தது. போனால் மாலை போட்ட படம். அடியில் அவர் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முறம் நிற்கவில்லை. "சங்கத்துல இருக்காருன்னா இருந்துட்டுப் போகட்டும் சார், எனக்கு இல்லன்னாலும் அவங்களுக்காவது இருக்கட்டும்."

ஒரு வார்த்தை

செய்தி வந்தது. தேவராஜ் பதவி விலகினார், வழக்கு பதிவானது. ஏன் செய்தார் என்று மட்டும் தெரியவில்லை. புது வீடு இல்லை, வண்டி இல்லை. மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். வேலூர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். செய்தி ஆசிரியருக்கு எரிச்சல். "பேஜார் பண்ணாதய்யா, 'பேராசை'ன்னு ஒரு வார்த்தை போட்டா வாசகன் நிம்மதியா காபி குடிப்பான்."

சாம்பல்

கஸ்தூரிக்காகத் தேவராஜ் வீட்டுக்குப் போனேன். நல்ல மதிய வெயில். உள்ளே தறி. கட்டையில் 46 என்று வெட்டியிருந்தது. வடிவேலு வீட்டார் தரகரிடம் விற்ற தறியை வாங்கியவர் அவர்தான்.

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைப் பிணைத்துக்கொண்டிருந்தார். தறியில் பாவு தீர்ந்தால் எங்கள் ஊரில் மொத்தமாக அறுத்து எடுப்பதில்லை. மிச்சமிருக்கும் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பார்கள். வழுக்காமலிருக்க விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். நிமிராமலே பேசினார்: "வடிவேலு போனப்ப தறியில பாதிப் புடவை. நான் உக்காந்து முடிச்சேன். சங்கம் பாவு குடுத்தது அவன் பேர்ல. சீட்டுல யார் பேரைப் போடுவீங்க?"

"அடுத்த புடவைக்கு?"

"அவன் நுனியிலதான பிணைச்சேன். எங்க அறுந்துச்சி, அவன் பேரை எடுக்கறதுக்கு? எடுக்கணும்னா செத்துட்டான்னு நான் கையெழுத்து போடணும். பேனாவ எடுத்தா தறி ஓடற சத்தம் கேக்குது சார்."

"விசைத்தறியில எந்த நுனியில பிணைச்சீங்க?"

சாம்பல் விரல்கள் அப்படியே நின்றன. எழுந்து வந்துவிட்டேன். தெருமுனையில் முதுகுக்குப் பின்னால் தறிச் சத்தம் கேட்டது. திரும்பினால் தேவராஜ் வாசலில் நிற்கிறார். தெருவில் வேறு தறிகளும் உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "அந்தப் பொண்ண அந்தப் புடவைய கட்ட வேணாம்னு சொல்லுங்க சார், அது மட்டும் வடிவேலு நெய்ஞ்சது இல்ல!"

மணை

கேட்டதை அப்படியே கஸ்தூரியிடம் ஒப்பித்தேன். அவர் மாப்பிள்ளை வீட்டில் சொல்லிப் புடவையை மாற்றிக்கொண்டார். கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மணையிலிருந்து எழுந்து வந்தவர் என்னைப் பார்த்ததும் இடுப்பிலிருந்து ஒரு மடிப்பை எடுத்துக் காட்டினார். அந்தப் பழைய சீட்டு. "புடவைதான சார் பொய்யி, எங்கப்பா பேரு என்னா பண்ணுச்சி?"

2001 மார்ச்சில் மேலதிகாரி உத்தரவுப்படி சங்கத்தின் பட்டியலிலிருந்து தேவராஜின் பெயர் நீக்கப்பட்டது. மற்ற பதினொன்றை நீக்கத் தலைவரின் கையெழுத்து வேண்டும், தேவராஜுக்குப் பின் தலைவர் யாரும் வராததால் அவை அப்படியே இருக்கின்றன.